பதக்கப் பட்டியலும் விலகியோர் பட்டியலும்

விளையாட்டு என்றாலே நம் மாணவர்களுக்குக் காற்பந்தும் பூப்பந்தும்தான் முதலில் நினைவுக்கு வரும். நீச்சலும் முக்குளிப்பும் ஒலிம்பிக் வரும்போது மட்டும் நாம் எட்டிப் பார்க்கும் விளையாட்டுகள். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பண்டலேலா ரினோங் 10 மீட்டர் மேடை முக்குளிப்பில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் மலேசியப் பெண் அவர். அப்போது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். அதே ஒலிம்பிக்கில், அதே நீச்சல் அரங்கத்தில், இன்னொரு பெண்ணும் தம் நாட்டில் 'முதல்' என்ற இடத்தைப் பெற்றிருந்தார். அவர் குளத்தில் இறங்கவில்லை, கரையில்தான் நின்றார். அவர் பெயர் டெரி மெக்கீவர். அமெரிக்க ஒலிம்பிக் நீச்சல் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற முதல் பெண். அந்த ஆண்டு அவர் பொறுப்பில் இருந்த பெண்கள் அணி 8 தங்கப் பதக்கங்களை வென்றது.

பதினோர் ஆண்டுகளுக்குள், 2023 ஜனவரி மாத இறுதியில், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பணியாற்றிய பல்கலைக்கழகமே அவரைப் பணியிலிருந்து நீக்கியது.

அமெரிக்காவில் நடந்த இந்தக் கதை நம் பேரவை மலருக்கு எதற்கு என்று வாசக நண்பர்கள் கேட்கலாம். நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறோம். சிலர் இப்போதே தம்பி தங்கைகளுக்குச் சொற்போரும் நடனமும் நாடகமும் பழக்கிக்கொண்டிருக்கிறோம். ஒருவரைப் பழக்குபவர் நல்லவரா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இந்தக் கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் போதாது என்பது என் கருத்து. அதற்கு இந்த அம்மையாரின் பணி வாழ்க்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கரையில் நிற்பவரின் வேலை

நம் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு பெரும்பாலும் ஒரு புறப்பாட நடவடிக்கை. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் அது தனியொரு துறை. அங்கே பெண்கள் நீச்சல் முக்குளிப்பு அணிக்கு முழுநேரத் தலைமைப் பயிற்றுநர் இருப்பார். முக்குளிப்புக்கென்று தனிப் பயிற்றுநர் இருந்தாலும் அணி ஒன்றுதான். நீச்சலில் எடுத்த புள்ளியும் முக்குளிப்பில் எடுத்த புள்ளியும் ஒரே கணக்கில்தான் சேரும்.

விடியற்காலையில் குளம், பிறகு வகுப்பு, மாலையில் மீண்டும் குளம், இடையில் எடைப் பயிற்சி என்று மாணவியின் நாள் ஓடும். வாரத்திற்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது என்று பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விதி வைத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் செய்த உழைப்பு மார்ச் மாதத்தில் நடக்கும் தேசியப் போட்டியில் சில நாட்களில் தீர்ந்துவிடும். பெரிய போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பு நீந்தும் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுப்பார்கள். எப்போது குறைப்பது, யாருக்கு எவ்வளவு குறைப்பது என்ற கணிப்பில்தான் பயிற்றுநரின் கைத்திறன் இருக்கிறது. சற்றுப் பிசகினாலும் ஓராண்டு உழைப்பு வீணாகிவிடும்.

இது வேலையின் ஒரு பக்கம். அதிகாரம் இன்னொரு பக்கம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பதினேழு வயதுப் பெண்களைத் தேடிப் பிடித்து, பெற்றோருடன் பேசி, பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வருபவர் பயிற்றுநர்தான். 2025இல் விதிகள் மாறும் வரை முதல்நிலைப் பிரிவில் ஒரு பெண்கள் அணிக்கு 14 முழு உபகாரச் சம்பளங்களுக்கு இடமிருந்தது. அதை இருபது முப்பது பேருக்கு எப்படிப் பிரிப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். தேசியப் போட்டிக்கு ஓர் அணி 18 பேரைத்தான் அழைத்துச் செல்லலாம். முக்குளிப்பவர் அந்தக் கணக்கில் அரை ஆளாகவே எண்ணப்படுவார். யார் போவது, யார் வீட்டில் இருப்பது? அதுவும் பயிற்றுநர் கையில்தான்.

வீட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்த ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் படிப்புச் செலவு, நண்பர்கள், நாள் அட்டவணை, எதிர்காலக் கனவு எல்லாம் ஒரே ஒருவரின் மனநிலையைப் பொறுத்திருக்கின்றன என்றால், அந்த ஒருவர் எவ்வளவு பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கதவு திறந்தது, உள்ளே வந்தவர் யார்?

மெக்கீவரின் சாதனையைப் புரிந்துகொள்ள 1972ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் 'டைட்டல் நைன்' எனப்படும் சட்டம் நிறைவேறியது. அரசாங்க நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்ற பாகுபாடு கூடாது என்பதே அதன் சாரம். இச்சட்டத்திற்காக உழைத்தவர்களில் ஒருவர் ஹவாயைச் சேர்ந்த பெட்ஸி மிங்க் என்ற ஜப்பானிய வம்சாவளிப் பெண் நாடாளுமன்ற உறுப்பினர். இச்சட்டத்தின் பயனாகப் பெண்கள் அணிகள் பெருகின. உபகாரச் சம்பளங்களும் வந்தன. 1982இல் என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான தேசிய நீச்சல் போட்டியை நடத்தத் தொடங்கியது.

ஆனால், இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. சட்டம் வந்த 1972இல் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் பெண்கள். அப்போது அந்த வேலைக்குச் சம்பளம் பெரிதாக இல்லை. உடற்கல்வி ஆசிரியைகளே அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள். சட்டத்தால் பணமும் மதிப்பும் வந்தவுடன் ஆண்களும் அந்த வேலைக்கு வந்தார்கள். ஆண்கள், பெண்கள் விளையாட்டுத் துறைகள் ஒன்றாக இணைக்கப்பட்டபோது தலைமைப் பதவி பெரும்பாலும் ஆண்களுக்கே போனது. புரூக்ளின் கல்லூரியைச் சேர்ந்த விவியன் அக்கோஸ்டா, லிண்டா கார்பென்டர் ஆகிய இரு பேராசிரியைகள் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 2014இல் அந்த 90 விழுக்காடு ஏறக்குறைய 43 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. மாணவிகளுக்குத் திறந்த கதவு அவர்களுடைய ஆசிரியைகளை வெளியே அனுப்பிவிட்டது எனலாம்.

நீச்சலில் நிலைமை இன்னும் மோசம். பெண்கள் பிரிவில் தொடர்ந்து பட்டங்களைக் குவித்தவர்களில் பெரும்பாலோர் ஆண் பயிற்றுநர்கள். டெக்சஸ், ஸ்டான்ஃபோர்டு ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகளுக்குப் பல பட்டங்களைப் பெற்றுத் தந்த ரிச்சர்ட் குவிக் அவர்களில் பெரும் பெயர் பெற்றவர். இப்படிப்பட்ட ஒரு துறைக்குள்தான் டெரி மெக்கீவர் நுழைந்தார்.

ஏறிய படிகள்

தென்கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நீந்திய மெக்கீவர், ஃபிரெஸ்னோவில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராகப் பணியாற்றினார். 1992இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்குத் தலைமையேற்றார். அன்று நீச்சல் உலகில் வேரூன்றியிருந்த நம்பிக்கை, நீந்து, மேலும் நீந்து, இன்னும் நீந்து என்பதுதான். எவ்வளவு தூரம் நீந்துகிறோமோ அவ்வளவு வேகம் வரும் என்று பலர் நம்பினார்கள். மெக்கீவர் வேறு பாதையில் போனார். தூரத்தைவிட நுணுக்கத்துக்கு முதலிடம் கொடுத்தார். தண்ணீரில் உடம்பு எப்படிச் சாய்கிறது, கை எங்கே பிடிக்கிறது என்பதைப் பார்த்தார். யோகாவையும் நடனத்தையும்கூடப் பயிற்சியில் சேர்த்தார்.

அந்த வழிக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்று நேட்டலி கோக்லின். பள்ளி நாட்களிலேயே தோள்பட்டைக் காயத்தால் சோர்ந்து, நீச்சலை விட்டுவிடலாமா என்று எண்ணிய நிலையில் பெர்க்லிக்கு வந்தவர். 2002ஆம் ஆண்டு 100 மீட்டர் மல்லாந்து நீச்சலை 59.58 விநாடியில் முடித்து, அதில் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக நீந்திய உலகின் முதல் பெண் ஆனார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மட்டும் ஆறு பதக்கங்கள். மூன்று ஒலிம்பிக்குகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு. லண்டனில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 55.98 விநாடியில் முடித்து உலகச் சாதனையோடு தங்கம் வென்ற டேனா வோல்மரும் இவருடைய மாணவியே.

2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற அமெரிக்க நீச்சல் பயிற்றுநர் குழுவில் இடம்பெற்று, அப்படி இடம்பெற்ற முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். 2009, 2011, 2012, 2015 ஆகிய ஆண்டுகளில் அவருடைய அணி தேசியப் பட்டம் வென்றது. இதுவரை படித்தால் எந்தப் பேச்சுப் போட்டியிலும் எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க வெற்றிக் கதைதான்.

மற்றொரு கணக்கு

2022 மே மாதம் கலிபோர்னிய நாளிதழ் ஒன்றில் நீண்ட செய்தி வெளிவந்தது. அவரிடம் பயின்ற பலர், பல ஆண்டுகளாகத் தங்களைச் சிறுமைப்படுத்தியதாகவும், எல்லார் முன்னிலையிலும் திட்டியதாகவும், காயத்தையும் மன உளைச்சலையும் பொருட்படுத்தவில்லை என்றும் அதில் கூறியிருந்தனர். இதைப் பற்றி நிர்வாகத்திடம் முன்பே முறையிட்டும் பலன் இல்லை என்றும் அச்செய்தி சொன்னது. பல்கலைக்கழகம் அவரை விடுப்பில் அனுப்பி, வெளியிலிருந்து ஒரு சட்ட நிறுவனத்தைக் கொண்டு விசாரணை நடத்தியது. எட்டு மாதங்கள் கழித்து, வாய்மொழியாகத் துன்புறுத்தியது, பாகுபாடு காட்டியது உட்படப் பல்கலைக்கழக விதிகள் மீறப்பட்டதாக விசாரணையில் தெரியவந்தது எனக் கூறி அவரைப் பணிநீக்கம் செய்தது. விளையாட்டுத் துறை இயக்குநர் பாதிக்கப்பட்ட மாணவியரிடம் மன்னிப்புக் கேட்டார். மெக்கீவர் குற்றச்சாட்டுகளை முற்றாக மறுத்தார். பெண் பயிற்றுநர்களுக்கு மட்டும் வேறோர் அளவுகோல் வைக்கப்படுகிறது என்பதும் அவர் தரப்பு வாதம்.

அந்தக் குளத்தின் கரையில் நடந்தவற்றுக்கு நான் சாட்சியும் இல்லை, நீதிபதியும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. நான்கு தேசியப் பட்டங்களைப் பற்றி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உடனுக்குடன் தெரிந்தது. ஒவ்வொரு மாணவியும் எத்தனை விநாடியில் நீந்தினாள் என்பது நூற்றில் ஒரு பங்கு வரை பதிவாகியிருக்கும். எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்பது மட்டும் ஒரு நாளிதழ் எழுதிய பிறகே பேசுபொருளானது. ஒரு கணக்கை நூற்றில் ஒரு விநாடி வரை எழுதுகிறோம். மற்றொரு கணக்குக்கு ஏடே இல்லை. குறை அந்தப் பயிற்றுநரிடம் மட்டுமா இருக்கிறது?

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: "கண்டிப்பு இல்லாமல் தங்கம் வருமா?" கண்டிப்பு வேண்டும். விடியற்காலையில் குளிர்ந்த நீரில் இறங்கச் சொல்பவர் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனால், மெக்கீவரின் பணி வாழ்க்கையே இதற்கு ஒரு பதிலைத் தருகிறது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது நுணுக்கமும் புதிய சிந்தனையும். காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு நீச்சலின் மீது மீண்டும் ஆசை வரவழைத்த அணுகுமுறை. "உன் கை தண்ணீரைப் பிடிக்கவில்லை, மறுபடி செய்" என்பது கண்டிப்பு. "நீ எதற்கும் உதவாதவள்" என்பது இழிவு. முதலாவதைக் கேட்டவளுக்கு அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். இரண்டாவதைக் கேட்டவளுக்குத் தெரியாது. சொல்லப்போனால் அது பாடமே இல்லை.

இரண்டாவது மறுப்பு: "ஆணாக இருந்தால் இதே ஊர் அவரைக் கண்டிப்பானவர் என்று புகழ்ந்திருக்காதா?" இது நியாயமான கேள்வி. இண்டியானா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்றுநர் பாபி நைட் மாணவர்களிடம் கொதித்தெழுவதற்குப் பேர்போனவர். 1976, 1981, 1987 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றவர். 2000இல் பணிநீக்கம் செய்யப்பட்டார்; அடுத்த ஆண்டே டெக்சஸில் இன்னொரு பல்கலைக்கழகம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆகவே இரட்டை அளவுகோல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அதற்குத் தீர்வு என்ன? ஆணுக்குக் கொடுத்த சலுகையைப் பெண்ணுக்கும் கொடுப்பதா? அப்படிக் கொடுத்தால் பயிற்றுநர்களிடையே சமத்துவம் வரும். குளத்தில் இருக்கும் மாணவிக்கு என்ன வரும்? இருவரிடமிருந்தும் அந்தச் சலுகையைப் பறிப்பதுதான் முறை.

இதைக் காரணம் காட்டி, "பார்த்தீர்களா, பெண்ணுக்குத் தலைமை கொடுத்தால் இப்படித்தான்" என்று சொல்பவர்களையும் நாம் விட்டுவிடக் கூடாது. ஓர் ஆண் தவறினால் அது அவனுடைய தவறு. ஒரு பெண் தவறினால் அது பெண்குலத்தின் தவறு என்று எழுதுவது பழைய வழக்கம். மெக்கீவருக்குப் பிறகு பெர்க்லியில் ஆண்கள் அணியின் பயிற்றுநரான டேவ் டர்டனே பெண்கள் அணிக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றார். அவர் திறமையானவர், அதில் ஐயமில்லை. ஆயினும் 43 விழுக்காட்டிலிருந்து மேலும் ஓர் இடம் குறைந்தது என்பதும் உண்மை.

நம் வீட்டுக் கதை

இனி நம்மிடம் வருவோம். "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க வாத்தியாரே" என்று பிள்ளையை ஒப்படைத்த பெற்றோரின் சமூகம் நம்முடையது. 'அடியாத மாடு படியாது' என்பது நாம் அறிந்த கல்வித் தத்துவம். நான் படித்த தமிழ்ப்பள்ளியில், அதிகம் அடிக்கும் ஆசிரியருக்குத்தான் பெற்றோரிடம் அதிக மரியாதை. அவர் வகுப்பில் யு.பி.எஸ்.ஆர். தேர்ச்சி நன்றாக இருக்கும். அவருக்குப் பயந்து பள்ளிக்கு வராமல் இருந்தவர்களைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

பிறகு தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் சென்றேன். அங்கே வலைப்பந்துக் குழுவில் இருந்தேன். எங்கள் பயிற்றுநர் மாவட்ட அளவில் பெயர் பெற்றவர். எங்கள் குழுவில் நன்றாக விளையாடிய ஒரு பெண்ணை, அவளுடைய உடல் பருமனைச் சொல்லி எல்லார் முன்னிலையிலும் கேலி செய்வார். நாங்கள் சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. நான்காம் படிவம் பாதியில் அவள் நின்றுவிட்டாள். படிப்பில் கவனம் செலுத்தப் போகிறேன் என்றாள். அந்த ஆண்டு நாங்கள் கிண்ணம் வென்றோம். பள்ளி அலுவலகத்துக்கு எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் அது இன்னும் இருக்கிறது. கீழே எங்கள் பெயர்கள் இருக்கின்றன. அவள் பெயர் இல்லை. பெர்க்லியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. உலகத்தில் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் விலகியவர்களுக்கு இடம் இல்லை.

நம் பேரவைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படும் அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். இத்தனை போட்டிகள், இத்தனை கிண்ணங்கள், இத்தனை வெள்ளி நிதி. முதலாம் ஆண்டில் ஆர்வத்தோடு சேர்ந்த மாணவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டில் காணாமல் போனார்கள் என்ற வரி எந்த அறிக்கையிலும் நான் கேட்டதில்லை. சொற்போர்ப் பயிற்சியில் மூத்த மாணவர் ஒருவர் வீசிய ஒரு சொல்லால் மேடையையே வெறுத்தவர் நம்மிடையே இருக்கலாம். "பிசி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருப்பார். நாமும் நம்பியிருப்போம்.

செய்யக்கூடியவை

பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. மூன்று காரியங்கள் போதும்.

முதலாவது, விலகுபவரைக் கேட்க வேண்டும். அவரைப் பழக்கியவரே கேட்கக் கூடாது. வேறொருவர் கேட்க வேண்டும். தம்மைப் புண்படுத்தியவரிடமே போய்ப் புண்ணைக் காட்டச் சொன்னால் யார் காட்டுவார்?

இரண்டாவது, முறையீடு செல்லும் வழி வெற்றியால் ஆதாயம் அடைபவரிடம் போய் நிற்கக் கூடாது. பயிற்றுநர் வென்றால் துறைக்குப் பெருமை. அந்தத் துறையிடமே அவரைப் பற்றி முறையிட்டால் காது கேட்குமா? பல்கலைக்கழகமானாலும் பள்ளியானாலும் பேரவையானாலும், வெற்றி தோல்வியில் பங்கில்லாத ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். நமக்கு அது ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளராகவோ, விலகி நிற்கும் முன்னாள் மாணவராகவோ இருக்கலாம்.

மூன்றாவது, ஆண்டறிக்கையில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: சேர்ந்தவர் எத்தனை, தங்கியவர் எத்தனை. இந்த எண்ணை எழுத ஆரம்பித்தாலே அதற்குக் காரணம் தேட ஆரம்பித்துவிடுவோம்.

டெரி மெக்கீவரின் பெயரை வரலாற்றிலிருந்து அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் பெண்களுக்குத் திறந்த கதவு உண்மை. கோக்லின் நீந்திய 59.58 விநாடியும் உண்மை. அவரிடம் அழுதுகொண்டு விலகியதாகச் சொன்ன மாணவியரின் சொற்களையும் அதே ஏட்டில்தான் எழுத வேண்டும். ஒன்றை எழுதி மற்றொன்றை மறைத்தால் அடுத்து வரும் பயிற்றுநருக்குத் தவறான பாடத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம்.

இம்மலரைப் படிக்கும் நண்பர்களில் சிலர் அடுத்த ஆண்டே ஏதோ ஒரு தமிழ்ப்பள்ளியில், ஏதோ ஓர் இடைநிலைப் பள்ளியில் ஆசிரியராக நிற்பீர்கள். உங்களிடம் ஒரு குழுவை ஒப்படைப்பார்கள். மாவட்ட அளவில் வென்றால் பாராட்டுவார்கள். மாநில அளவில் வென்றால் மாலை போடுவார்கள். அந்த மாலையை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டபின், ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய பெயர்ப் பட்டியலை எடுத்து, அதில் இப்போது இல்லாத பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்.